ஊர் காலியென்று கையெழுத்திட்டவர்

புது வேலங்காட்டூரில் மேற்குத் திசையை யாரும் மேற்கு என்று சொல்வதில்லை. ‘ஆத்துப்பக்கம்’ என்பார்கள். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் சரளைமேடும் வேலமரமும்தான் இருக்கும். காவேரி ஐந்து மைலுக்கு அப்பால், மேட்டூர் அணையில் தேங்கி, பழைய வேலங்காட்டூரைத் தன் அடியில் போட்டுக்கொண்டு கிடந்தது. குடிபெயர்ந்து வந்து வருஷங்கள் ஓடியும் ஜனங்களின் வாய் மட்டும் பழைய ஊரிலேயே இருந்தது.

ஊர்க்கவுண்டர் அப்புசாமி மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவருடைய மானாவாரிக் காடு ஊருக்கு மேற்கேதான். ஆனாலும் வரப்பில் உட்கார்ந்தால் மேற்கே முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

அவர் இருபத்தேழு வயதில் ஊர்க்கவுண்டர் ஆனவர். அப்பன் இறந்த பதினாறாம் நாள் மாரியம்மன் கோயிலில் வைத்து அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அம்மன் பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டுவது, பங்காளிச் சண்டையைத் தீர்ப்பது, வரப்புத் தகராறில் கயிறு பிடித்து அளப்பது, தாசில்தார் வந்தால் ஊருக்காகப் பேசுவது, எல்லாம் அவர் பொறுப்பு. சத்தம் போட்டு அவர் பெயரெடுக்கவில்லை. ஒருமுறை அண்ணனும் தம்பியும் ஒரு புளியமரத்துக்காக அரிவாள் தூக்கினார்கள். அப்புசாமி இருவரையும் அந்த மரத்தடியிலேயே உட்காரவைத்துத் தானும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் சாய்வதற்குள் பசி தாங்காமல் மூத்தவன், தம்பியே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுந்துவிட்டான். அதற்கப்புறம் வருஷா வருஷம் தம்பிதான் புளியை உலுக்கிப் பாதியை அண்ணன் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டான்.

அணை எழும்பியபோது ஊரைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தது. ஜனங்கள் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு அழுதார்கள். அழுது முடித்ததும் வீட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். விட்டம், நிலை, கதவு, ஓடு என்று கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். அம்மன் சிலையைத் தலையில் தூக்கிக்கொண்டு அப்புசாமியே முதல் வண்டிக்கு முன்னால் நடந்தார். அறுபத்திரண்டு வீடுகளில் அறுபத்தொன்று மேட்டு நிலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன.

மிச்சம் நின்ற ஒன்று குப்பாயியின் வீடு. ஆற்றங்கரையை ஒட்டிய கடைசி வீடு. அவளுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகன் செல்லமுத்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவன். இரண்டு வருஷமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை. அவன் இந்த வீட்டைத் தேடித்தான் வருவான், நான் இங்கே இல்லாவிட்டால் எங்கே போய்த் தேடுவான் என்பதே அவளுடைய பேச்சு.

அப்புசாமி மூன்று தடவை போய்க் கூப்பிட்டார். கடைசித் தடவை நல்ல உச்சிப்பொழுது. குப்பாயி வாசலில் உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஏறுகிறது, இன்றைக்கே கிளம்பு என்று இவர் சொல்லச் சொல்ல அவள் கையை நிறுத்தவேயில்லை.

“நீங்க போங்கண்ணா. நான் வரும்போது வாரேன்” என்றாள்.

ஆளில்லாத தெருவில் அவர் திரும்பி நடந்தார். தெருமுனை தாண்டும்வரை உலக்கை விழும் சத்தம் கூடவே வந்தது.

மறுநாள் மேட்டு நிலத்தில் கூடாரம் போட்டிருந்த அதிகாரி, பழைய ஊர் முழுக்கக் காலியாகிவிட்டது என்று ஊர்க்கவுண்டர் எழுதிக் கொடுத்தால்தான் புது மனைகளை அளந்துவிட முடியும் என்றார். அறுபத்தொரு குடும்பம் கைக்குழந்தைகளோடு வண்டிக்கு அடியில் வெயிலில் கிடந்தது. நாளைக் காலையில் நாலு ஆட்களோடு போய் அவளைத் தூக்கிக்கொண்டாவது வந்துவிடலாம் என்று நினைத்து அப்புசாமி கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் மனை பிரிப்பதில் சண்டை வந்து ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அதற்கடுத்த நாள் அம்மனுக்கு இடம் குறிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அவர் மட்டும் தனியாகப் போனார்.

மைசூர்ப் பக்கம் நல்ல மழை. ஊர் இருந்த இடத்தில் செந்தண்ணீர் பரந்து கிடந்தது. குப்பாயி வீட்டுக் கூரையின் முகடு மட்டும் தெரிந்தது. அது நிற்கிறதா மிதக்கிறதா என்று கூடச் சொல்ல முடியவில்லை. கரைமேட்டில் அவளுடைய செவலைப் பசு நின்றுகொண்டிருந்தது. அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை, அவிழ்க்கப்பட்டிருந்தது. மாட்டை அவிழ்த்துவிடுகிற மட்டும் அவளுக்கு நேரம் இருந்திருக்கிறது. தொண்டை கட்டுகிறவரை அப்புசாமி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார்.

கேட்டவர்களிடம், அக்கரையிலிருந்து குப்பாயியின் தம்பி பரிசலில் வந்து அவளை அழைத்துப் போய்விட்டான் என்று சொன்னார். சில மாதம் கழித்து, அங்கே காய்ச்சலில் போய்விட்டாளாம் என்றார். அக்கரை ஊர்களும் கலைந்து திசைக்கொன்றாய்ப் போயிருந்ததால் யாரும் துருவி விசாரிக்கவில்லை. பசுவைச் சந்தையில் பிடித்ததாக மனைவி நல்லம்மாளிடம் சொன்னார். அவள் மாட்டை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு பால் கறக்க உட்கார்ந்தாள்.

அந்த வருஷத்திலிருந்துதான் அப்புசாமிக்கு அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எந்த வீட்டிலாவது உலக்கை விழும். அங்கே இடித்து முடித்துப் புடைத்து அடுப்பில் ஏற்றிய பிறகும் இவருக்கு அது நிற்காது. பஞ்சாயத்தில் பேச்சைப் பாதியில் நிறுத்தி, யார் வீட்டில் இடிக்கிறார்கள் என்று கேட்பார். யாரும் இடிக்கவில்லை என்பார்கள். “சரி, சொல்லு” என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். கவுண்டருக்கு வயசாகிறது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்துச் செல்லமுத்து வந்தான். முப்பத்தைந்து வயதுக்கு மேல் மதிக்கலாம். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. சுரங்கத்தில் பாறை சரிந்ததில் விரல்களும் போயின, அவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவந்த சிநேகிதனும் போய்விட்டான். அணைத் தண்ணீரின் கரையில் ஒரு பகல் முழுவதும் நின்றுவிட்டு, வழி விசாரித்துக்கொண்டு புது ஊருக்கு வந்து சேர்ந்தான். அப்புசாமி அவனிடமும் அந்தப் பரிசல் கதையையே சொன்னார். அவன் அக்கரைக்குப் போய் ஊர் ஊராக ஒரு மாதம் அலைந்தான். மாமனைக் கண்டவர்களும் இல்லை, தாயைக் கண்டவர்களும் இல்லை. திரும்பி வந்தபோது கால் இரண்டும் வெடித்திருந்தன.

“ஒருத்தருக்கும் தெரியலீங்க மாமா” என்றான்.

அப்புசாமி அவனுக்கு ஊருக்குள் மனையும் வெளியே கொஞ்சம் காடும் ஒதுக்கிக் கொடுத்தார். செவலை ஈன்ற கிடாரிக் கன்றையும் கொடுத்தார். அவன் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். அன்று பகல் முழுக்க உலக்கை நிற்கவில்லை.

மேட்டு நிலத்தில் தண்ணீர்க் கஷ்டம். ஊர்க்கிணறு வெட்ட ஆரம்பித்து இருபதடியில் பாறை வந்து நின்றுவிட்டது. வெடி வைக்கத் தெரிந்தவன் செல்லமுத்து ஒருவன்தான். அவன் முன்னால் நின்று நடத்தினான். திரியைக் கொளுத்துமுன் மேலே ஏறி வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். எல்லோரும் குரல் கொடுத்த பிறகுதான் நெருப்பு. ஒருநாள் வீரபாகு என்பவனின் குரல் வரவில்லை. வயிற்றுவலி என்று காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டான், நீ கொளுத்து என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

“போனதை யாருங்க கண்ணுல பாத்தது?” என்று செல்லமுத்து கேட்டான்.

பார்த்தவர் யாரும் இல்லை. அவன் திரியைக் கீழே வைத்துவிட்டு வடத்தைப் பிடித்து இறங்கினான். பாறை இடுக்கில் மயங்கிக் கிடந்த வீரபாகுவைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தான். அதைப் பார்த்தபடி அப்புசாமி கிணற்று மேட்டில் நின்றிருந்தார். மண்குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். தனக்குப் பின் இந்த ஊரை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது அந்த இடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது.

வழக்கப்படி பரிவட்டம் அவருடைய மகன் மயில்சாமிக்குத்தான். மயில்சாமி பொய் சொல்லாதவன், உழைப்பாளி. ஆனால் யாருடைய முகமும் கோணுவது அவனுக்குப் பொறுக்காது. இரண்டு தரப்பும் வந்தால் இரண்டு தரப்புக்கும் ஆகட்டும் என்று சொல்லி அனுப்புவான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றாம் வருஷம் தைமாதத்தில் அப்புசாமி தன் எண்ணத்தை நல்லம்மாளிடம் சொன்னார். அவள் கம்பை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நம்ம பையனுக்கு என்னங்க கொறை?”

“கொறை ஒண்ணுமில்ல. எல்லாத்துக்கும் சரீன்னு தலையாட்டுவான். நானும் ஒருக்கா அப்படிச் சரீன்னுதான் கையெழுத்துப் போட்டேன்.”

நல்லம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“அந்தச் செவலைய மொத நாளே அடையாளங் கண்டுட்டனுங்க. குப்பாயி மாட்டுக்கு வலது காது கிழிஞ்சிருக்கும். இத்தன வருசமாப் பாலும் கறந்தேன், வாயும் தொறக்கல. இன்னைக்குக் கேக்கறேன். நீங்க ஆளப் பாத்துக் குடுக்கறீங்களா, செஞ்ச பாவத்தப் பாத்துக் குடுக்கறீங்களா?”

அதற்குப் பதில் தெரிந்துகொள்வதற்காகவே அவர் செல்லமுத்துவிடம் குற்றம் தேட ஆரம்பித்தார். முன்கோபம் உண்டு. சிரிக்கமாட்டான். பெரியவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்பான். இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துப் பார்த்தாலும், மறுபக்கம் கிணற்றில் இறங்கிய ஆளே கண்முன் நின்றான். மயில்சாமியிடம் சொன்னபோது அவன் அதற்கும் ஆகட்டும் என்றான். அன்று முதல் அப்பன் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டான்.

ஒரு வருஷம் போல அப்புசாமி செல்லமுத்துவை எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனார். ஓமலூர்த் தாலுகா ஆபீஸில் யாரை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும், எந்த வீட்டுச் சண்டை மூன்று தலைமுறைக்கு முந்தியது, யார் அழுதால் நம்பலாம், யார் அழுதால் நம்பக்கூடாது என்பதெல்லாம் சொல்லிக் கொடுத்தார். சொன்னதையெல்லாம் அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. பஞ்சாயத்தில் மூத்தவனை முதலில் பேசவிடுவது வழக்கம். இளையவனை முதலில் பேசவிட்டால் என்ன என்று கேட்டான். ஒருமுறை அப்படியே செய்தும் பார்த்தார்கள். வாய்க்கால் தகராறு ஒன்று அரை நாளில் தீர்ந்தது. அப்புசாமிக்குச் சந்தோஷமாகக் கூட இருந்தது.

ஆனால் வண்டிப்பாதையில் திரும்பி வரும்போது அவன் கேட்கிற கேள்விதான் அவரைக் கொன்றது. அத்தனை குடும்பத்தையும் ஒரு ஆளையும் விடாமல் எப்படி மாமா மேடேற்றினீர்கள், முதலில் யாரை அனுப்பினீர்கள், கடைசியில் யார் நின்று பார்த்தது என்று கேட்பான். ஊரே புகழ்ந்து பேசும் காரியம் அது. அவனும் கற்றுக்கொள்ளத்தான் கேட்டான். அம்மன் பார்த்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டு அப்புசாமி மாட்டை முடுக்குவார்.

நாற்பத்திரண்டாம் வருஷக் கோடையில் அணையில் தண்ணீர் வெகுவாக வற்றியது. பழைய ஊர் வெளியே தெரிகிறது என்று பேச்சு கிளம்பி ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்து அழுதுவிட்டு வந்தார்கள். செல்லமுத்து வந்து, தன் வீட்டு இடம் அடையாளம் தெரியாது, நீங்கள் வந்து காட்ட வேண்டும் என்றான். மாட்டேன் என்பதற்கு அவரிடம் காரணம் எதுவும் இல்லை.

இருவரும் வெடித்துக் கிடந்த வண்டல்மேல் நடந்தார்கள். எங்கு பார்த்தாலும் நத்தை ஓடு, வெள்ளைவெளேரென்று. சுவர்கள் முழங்கால் உயரத்துக்குக் கரைந்திருந்தன. அம்மன் கோயில் பீடம் மட்டும் அப்படியே இருந்தது. காகம் கூட இல்லாத அந்த வெயிலில் அவருடைய காதில் உலக்கை விழுந்துகொண்டேயிருந்தது, அவர் நடையோடு ஒத்து. தெருக்கோடியில் ஒரு கல் உரல் வாய்வரை சேற்றில் புதைந்து நின்றது. அப்புசாமி கையை நீட்டிக் காட்டினார்.

செல்லமுத்து அதனருகே மண்டியிட்டு, மூன்று விரல் கையாலும் மற்றக் கையாலும் மண்ணைப் பறித்தான். உரலுக்குப் பக்கத்தில் திருகை கிடைத்தது. இன்னும் உள்ளே, சுவரோரம், கவிழ்ந்த வாக்கில் பித்தளை அண்டா. அது குப்பாயிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. அவன் அதை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“தம்பி கூடப் பரிசல்ல போனவ, அண்டாவ உட்டுப்போட்டா போவா?” என்று தனக்குத்தானே கேட்பதுபோலச் சொன்னான்.

பரிசல் சின்னது, சாமான் ஏற்ற இடமில்லை என்ற பதிலை அப்புசாமி எப்போதோ தயார் செய்து வைத்திருந்தார். வாயையும் திறந்தார்.

“பரிசல் வரல சாமி” என்றார்.

மிச்சத்தையும் சொன்னார். கையெழுத்து, மனைச் சண்டை, அம்மனுக்கு இடம் பார்த்தது, கூரை முகடு, பசு. எதையும் தன் பக்கம் சாய்த்துச் சொல்லவில்லை. செல்லமுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“கையெழுத்துப் போட்டு எத்தன நாள் கழிச்சு வந்தீங்க?”

“மூணு நாள்.”

அவன் அண்டாவைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் ஒதுங்கியிருந்த இடத்துக்கு நடந்துபோய் அதைக் கழுவினான். பிறகு வேறு பக்கமாகக் கரையேறிப் போய்விட்டான்.

ஒன்பது நாள் அவன் வரவில்லை. ஊரை விட்டே போய்விடுவான் என்று அப்புசாமி நினைத்தார். அரிவாளோடு வருவான் என்றும் நினைத்தார். கதவைச் சாத்தாமல் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போவார், பாதியில் வந்துவிடுவார். பத்தாம் நாள் காலையில் அவன் வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மாமா என்று கூப்பிடவும் இல்லை.

“பரிவட்டம் கட்டிக்கறேனுங்க. ஆனா எங்கிட்டச் சொன்னத நீங்க ஊருக்குச் சொல்லோணும்.”

அப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். சொன்னால் ஊர் தன்னை ஒதுக்கி வைத்துவிடும் என்றார்.

“வெச்சாலும் வெக்கட்டும். உங்களத் தண்டிக்கறதுக்காகக் கேக்கலீங்க. நாளைக்கு உங்க எடத்துல நான் நிக்கோணும். நானும் தப்புப் பண்ணுவேன். பண்ணினா வந்து சொல்றதுக்கு ஒரு தடம் வேணுமுங்க. இந்த ஊர்ல இதுவரைக்கும் அந்தத் தடத்துல யாரும் நடந்ததில்ல.”

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியது. அப்புசாமி நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். பிறகு முத்தாயம்மாள் எழுந்தாள். பழைய ஊரிலிருந்து கடைசியாகக் கிளம்பிய வண்டி அவளுடையது. குப்பாயி வீட்டில் புகை வருவதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன், கவுண்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன் என்றாள். பரிசல் வந்ததைத் தான் நம்பவே இல்லை, ஆனால் கேட்டால் மனை போய்விடுமோ என்று கேட்கவில்லை என்றான் இன்னொருவன். சிலர் காறித் துப்பிவிட்டு எழுந்து போனார்கள். கோயிலில் அப்புசாமி குடும்பத்துக்கு இருந்த முதல் மரியாதையை நிறுத்த வேண்டும் என்று ஒரு பேச்சு வந்தது. நிறுத்தினார்கள்.

அன்றே செல்லமுத்துவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். ஊர்க்கவுண்டராக அவன் சொன்ன முதல் காரியம், தன் தாய்க்குக் கருமாதி செய்ய வேண்டும், வீட்டுக்கு ஒருவராவது வரவேண்டும் என்பது. ஊரே தண்ணீர்க் கரைக்குப் போயிற்று. அப்புசாமி எல்லோருக்கும் பின்னால் நடந்து போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை.

மயில்சாமி தலைகாட்ட முடியாமல் ஆத்தூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலை வேலைக்குப் போய்விட்டான். பொங்கலுக்கு மட்டும் வருவான். நல்லம்மாள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சோறு போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். சொல்லிவிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்று அப்புசாமி உள்ளூர நம்பியிருந்தார். நிற்கவில்லை. ஒரே ஒரு வித்தியாசம்தான். முன்பெல்லாம் யார் வீட்டில் இடிக்கிறார்கள் என்று கேட்டால், யாரும் இடிக்கவில்லை என்று உடனே பதில் வரும். இப்போது கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தாங்களும் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒருநாள் முத்தாயம்மாள், “ஆமாங்க, கேக்குது” என்றாள்.

மூன்று வருஷம் போயிற்று. யுத்த காலம், எதற்கும் தட்டுப்பாடு. ஊர்க்கிணற்றின் வடத்தை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது ஊர்க்கவுண்டர் பொறுப்பு. நாற்பத்தைந்தில் செல்லமுத்து அதை இன்னும் ஒரு போகம் தாங்கும் என்று விட்டுவிட்டான். தூர் வாரும்போது வடம் அறுந்தது. கருப்பண்ணன் என்கிற குடியானவன் பாறைமேல் விழுந்து, இரண்டு நாள் கிடந்து இறந்துபோனான். அவன் குடும்பத்தாரே யுத்தத்தைத்தான் குறை சொன்னார்கள். புது வடம் கிடைக்காதது யாருடைய குற்றம் என்றார்கள்.

காரியம் முடிந்த வெள்ளிக்கிழமை செல்லமுத்து ஊரைக் கூட்டினான். அப்புசாமி வழக்கம்போல வரிசையின் கடைசியில், செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“ராசிபுரத்துல வடம் இருக்குதுன்னு மாசி மாசமே எனக்குத் தெரியுமுங்க. போய் வாங்கியாறலாமுன்னு நாளத் தள்ளிப்போட்டேன். கருப்பண்ணன் என்னாலதான் செத்தான்” என்றான் செல்லமுத்து.

கருப்பண்ணனின் மனைவி சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் தன் காட்டில் பாதியை உழுது கொடுப்பதாக அவன் சொன்னான். ஊர் ஏற்றுக்கொண்டது. பட்டம் வேண்டாமென்று அவனும் சொல்லவில்லை, விட்டுவிடு என்று ஊரும் சொல்லவில்லை. பிறகு பொங்கல் சாட்டும் பேச்சு எழுந்தது. பம்பை மேளக்காரர்களை எந்த ஊரிலிருந்து அழைப்பது என்று ஆளுக்கொரு பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள்.

செல்லமுத்து கோயில் மேடையிலிருந்து இறங்கி, வரிசை வரிசையாகத் தாண்டி வந்து, அப்புசாமிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தான். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நாமகிரிப்பேட்டைப் பம்பைதான் நல்லது என்று முன்னால் யாரோ உரக்கச் சொன்னார்கள். அப்படியே முடிவாயிற்று.